முப்பத்திரண்டு எறும்புகளும் ஒரு சாவியும்

ஒரு கணினியில், திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்புக்குள் முப்பத்திரண்டு எறும்புகள் வேலை பார்த்தன. ஒருத்தி நடந்தால் அத்தனை பேரும் நடக்க வேண்டும், ஒருத்தி நின்றால் அத்தனை பேரும் நிற்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம். அன்று திரையில் ஒரு சேவலுக்கு வண்ணம் பூசும் வேலை. வண்ண அறைக்கு ஒரே சாவி. "சாவி கிடைத்தவர் உள்ளே போகலாம், மற்றவர்கள் நிற்கவும்" என்று புரோகிராம் எழுதிய பெண் உத்தரவு போட்டிருந்தாள்.

சாவி செவத்தி என்ற எறும்புக்குக் கிடைத்தது. மற்றவர்கள் நின்றார்கள்; அதனால் அவளும் நிற்க வேண்டியதாயிற்று. திரை அப்படியே உறைந்துபோனது. பொறுமையிழந்த அந்தப் பெண்ணின் கை சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் சேவல் போச்சு.

"உத்தரவு கிடக்கட்டும்டி. நான் நடக்கிறப்போ நீங்களும் நின்ன இடத்துலயே காலைத் தூக்கி வைங்க" என்று கத்தினாள் செவத்தி.

"நின்ன இடத்துல மிதிச்சு என்ன ஆகப்போகுது?" என்றாள் பக்கத்து எறும்பு.

"மிதிடி, அப்புறம் கேளு."

மிதித்தார்கள். எல்லோரும் நடப்பதாகவே சட்டம் எடுத்துக்கொண்டது. செவத்தி உள்ளே போய் ஓர் இறகைச் சிவப்பாக்கிவிட்டு வந்து, சாவியை அடுத்தவளிடம் கொடுத்தாள். கண் இமைப்பதற்குள் முப்பத்திரண்டு பேரும் போய் வந்துவிட்டார்கள். திரையில் சேவல் வாலை விரித்து நிமிர்ந்தது.

அந்தப் பெண் கையை எடுத்தாள். உள்ளே நடந்ததை அடி அடியாகப் பார்த்தாள். பிறகு "நிற்கவும்" என்பதை அழித்துவிட்டு, "நின்ற இடத்திலேயே நடக்கவும்" என்று எழுதினாள்.