நோய் பார்க்க வந்தவர்கள்

அரூஸ் காலையில் எழும்பியதும் வாந்திக்கு வைத்திருக்கும் நீலப் பேசினைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தான். காய்ந்ததும் மகளின் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தான். உப்புத் தண்ணீரில் அவளை வாய் கொப்பளிக்கச் செய்தான், காய்ச்சல் பார்த்தான், வாந்தி நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்தான்.

ஜஹானாவுக்கு எட்டு வயது. இரத்தப் புற்றுநோய். கண்டியில் மருந்தேற்றி, கடுகண்ணாவையில் இருக்கும் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அதிகம் பேசவில்லை. இரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கிறது, தொற்று பிடிக்கும், கிட்டத்தில் ஆட்களைச் சேர்க்கக் கூடாது. சாப்பாட்டைச் சூடாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தால் உடனே ஒன்றும் கொடுக்கக் கூடாது. திங்கட்கிழமைக்குள் வாந்தி நிற்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் சாப்பாடு. இந்தக் கடைசி விஷயத்தை அரூஸ் மகளிடம் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் செய்யக்கூடியவைதான். ஆட்களைச் சேர்க்காமல் இருப்பதுதான் முடியவில்லை. நோயாளியைப் பார்க்கப் போவது நன்மை. ஊரில் நோயாளிகள் குறைவு, நன்மை தேடுகிறவர்கள் அதிகம்.

அரூஸ் படித்தவன். ஆகவே நோயாளியைப் பார்க்க வர வேண்டாம் என்று வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் ஒட்டினான். வந்தவர்கள் நின்று வாசித்தார்கள், நல்ல காரியம் என்று பாராட்டினார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

"இது பொறத்தி ஆக்களுக்குத்தானே மகன், நமக்கில்லையே," என்றார் ஹபீல் ஹாஜியார். அவர் அரூஸின் வாப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருக்கு முன்னால் அவருடைய அத்தர் மணம் வந்து சேர்ந்திருந்தது.

யாரும் வெறுங்கையோடு வரவில்லை. கழுவாத திராட்சை வந்தது, பப்பாளி இலைச் சாறு வந்தது, கருஞ்சீரகம் வந்தது. டாக்டர்மாருக்குத் தெரியாத மருந்து ஒவ்வொருவருக்கும் ஒன்று தெரிந்திருந்தது. கட்டிலைச் சுற்றி நின்று அழுதுவிட்டு, ஹோலில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, இதே நோயில் மௌத்தாகி அடக்கமானவர்களை ஒவ்வொருவராக ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

அவர்கள் வருவது பகல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான். குழைத்த சோற்றோடு அரூஸ் கட்டிலில் உட்காரவும் வாசல் கேற் திறக்கும் சத்தம் கேட்கவும் சரியாக இருக்கும். ஜஹானா வந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு குனிந்து பேசினை எடுப்பாள். அந்தச் சத்தத்துக்கே கூட்டம் ஹோலுக்கு ஓடிவிடும்.

அரூஸ் அவளுடைய முதுகைத் தடவிவிடுவான். பேசினில் எச்சிலைத் தவிர எதுவும் இருக்காது. வயிற்றில் வாந்தியெடுக்கக்கூட ஒன்றுமில்லையே என்று நினைத்துக்கொண்டு சோற்றைத் திரும்பக் கொண்டுபோய் மூடி வைப்பான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். ஹோலில் இருப்பவர்கள் எழும்புவதற்குள் அடுத்தவர்கள் வந்துவிடுவார்கள்.

இடையில் அடைமழை பெய்து, மலையில் மண் சரிந்து, பஸ்ஸும் ரயிலும் நின்றுபோயின. அந்த நாட்களில் ஜஹானா ஒரு தடவைகூட வாந்தியெடுக்கவில்லை. சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அரூஸ் டாக்டருக்குப் போனில் நன்றி சொன்னான். பாதை திறந்த அன்றே மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல், வத்தேகமையிலிருந்து ஆஸியா உம்மா இரண்டு மருமகள்மாரோடு திரீவீலரில் வந்து இறங்கினார். அரூஸின் மனைவி பாயிஸாவுக்கு அவர் பெரியம்மா. பாயிஸா மௌத்தாகி இரண்டு வருடமாகிறது.

ஆஸியா உம்மா கட்டிலில் உட்கார்ந்து ஜஹானாவின் முகத்தை நாடியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"பாயிஸாவும் கடைசில இப்பிடித்தான் மெலிஞ்சி போனா," என்றார். "முகத்தப் பாருங்களே, அப்பிடியே உம்மாவப் போல."

மருமகள்மார் இருவரும் அழ ஆயத்தமானார்கள். அரூஸ் சோற்றுக் கோப்பையோடு நின்றான். அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது போங்கள் என்ற ஒரே ஒரு வார்த்தை.

"டீ ஊத்தவா, மாமி?" என்று கேட்டான்.

ஜஹானா பேசினை எடுத்தாள். இத்தனை நாளில் அவள் இப்படி ஓங்காளித்ததில்லை. கட்டில் ஆடியது. ஆஸியா உம்மா முக்காட்டை மூக்கில் பொத்திக்கொண்டு எழும்பினார். மருமகள்மார் அதற்கு முன்பே வாசலுக்குப் போயிருந்தார்கள். புள்ளைக்கு அல்லாஹ் லேசாக்கட்டும் என்று படியில் நின்றபடியே துஆச் செய்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் திரீவீலரில் ஏறினார்கள்.

அரூஸ் வார்டுக்குப் போன் எடுத்தான். வாந்தி நிற்கவில்லை, இன்றைக்கு முந்திய நாட்களைவிட மோசம் என்றான். அப்படியானால் காலையில் கூட்டி வாருங்கள், குழாய் போடுவோம் என்று தாதி சொன்னார். அவன் அலுமாரியைத் திறந்து மகளின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினான். குழாய் விஷயத்தை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பிறகு வந்து, ஆறிக்கொண்டிருந்த சோற்றைக் குசினிக்கு எடுத்துப்போகத் தூக்கினான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஜஹானா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். ஹோலில் சத்தமில்லை. திரீவீலரின் சத்தமும் வளைவைத் தாண்டி மறையும்வரை அவள் காதுகொடுத்துக் கேட்டாள். எழும்பி உட்கார்ந்து, தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.

"அவங்க போய்ட்டாங்கதானே, வாப்பா? அப்ப இனி சாப்பிடுவம்."