வெள்ளிக்கிழமை வரைக்கும்

"இன்னும் ஒரே ஒரு வாய், பெரியப்பா" என்று கெஞ்சினான் ஜெயபாண்டி. சோலைச்சாமி கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தார். கஞ்சி பாதி உள்ளே போனது. பாதி தாடையில் வழிந்தது. அதைத் துண்டால் பதமாகத் துடைத்துவிட்டான்.

பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் தேவகிருபைக்கு மனசு உருகிவிட்டது. "பெத்த மகன்கூட இப்படிப் பாக்க மாட்டான் சார். ஒங்க பெரியப்பா குடுத்துவச்சவிய."

ஜெயபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமான பிள்ளை என்று அவள் நினைத்திருப்பாள். அவனுக்கோ அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

பெரியப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வேண்டாத சாமி இல்லை. ஆனால் அவன் கேட்டது வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொச்சியில் கப்பல். லட்சத்தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார்கள். கல்யாணமான புதிதில் தூத்துக்குடிக் கரையில் நின்றுகொண்டு, தூரத்தில் தெரிந்த கப்பலைக் காட்டி, "ஒரு தடவ அதுல ஏறிப் பாக்கணுங்க" என்று மாரிச்செல்வி சொன்னாள். அதற்குப் பிறகு இத்தனை வருசத்தில் அவள் வேறு எதையுமே கேட்கவில்லை. அதுதான் அவனைப் போட்டு அறுத்தது.

ராஜபாளையத்து மில் பிட்டருக்குக் கப்பல் என்ன லேசுப்பட்ட காரியமா? பைக்கை விற்றுவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போனான். அவள் இடுப்பு ஒடிய நைட்டி தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது, தீபாவளித் துணி நின்றது, பால்கோவாக் கடைப் பக்கம் திரும்புவதுகூட நின்றது.

முதல் தடவை சேர்த்ததைத் தங்கச்சி மகள் சடங்கு விழுங்கிவிட்டது. தாய்மாமன் சீரில் கை வைக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை டிக்கெட்டே போட்டாயிற்று. போகாவிட்டால் சல்லிக்காசு திரும்பாது.

அந்த நேரம் பார்த்துத்தானா பெரியப்பா படுக்க வேண்டும்? அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. தம்பி மகன் ஜெயபாண்டிதான் கொள்ளி வைத்தாக வேண்டும். கொள்ளி வைத்தவன் பதினாறாம் நாள் காரியம் முடியாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. டாக்டரோ, "இன்னைக்கோ நாளைக்கோ" என்று கையை விரித்துவிட்டார்.

மாரிச்செல்வி கட்டில் பக்கம் வந்து கிசுகிசுத்தாள். "ஏங்க, வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்குவாவளா?"

"மெல்லப் பேசுட்டி. அவியளுக்குக் கப்பல் விசயம் தெரியாது."

"தூங்குதாவ... இப்படிக் கேக்க எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. என்ன செய்யச் சொல்லுதிய?"

ஜெயபாண்டி மிச்சக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சோலைச்சாமி கண்ணைத் திறந்தார். "ஏலே, இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய், பெரியப்பா."

"ம்" என்று மறுபடியும் மூடிக்கொண்டார். மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும் அதே கேள்வி. நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது என்று ஜெயபாண்டி நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சேத்தூரிலிருந்து பெரியப்பாவின் மகள் வெள்ளத்தாய் வந்து சேர்ந்தாள். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தான். "மில் வேலையா கோயம்புத்தூர் போறேன், பெரியப்பா. சுருக்க வந்துருவேன்" என்று அவரிடம் கூசாமல் புளுகினான். அவர் அவன் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கொச்சியில் இறங்கியதிலிருந்து வெள்ளத்தாயின் போன் ஓயவில்லை. "கப்பல் ஏறிட்டியளாண்ணே?"

"இல்ல தாயி, வரிசையில நிக்கோம். பெரியப்பா எப்படி இருக்காவ?"

"தூங்குதாவ. நீங்க மொதல்ல ஏறுங்க."

"நம்மளவிட ஒங்க தங்கச்சிக்குத்தான் அவசரம்" என்று மாரிச்செல்வி கேலி செய்தாள்.

சாயங்காலம் சங்கு ஊதிக் கப்பல் நகர்ந்தது. மாரிச்செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. கேட்டதைக் கொடுத்துவிட்ட சாமிகளுக்கெல்லாம் மனசுக்குள் கும்பிடு போட்டான் ஜெயபாண்டி. கரை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது.

மறுபடியும் போன் அடித்தது. வெள்ளத்தாய்தான்.

"கப்பல் கெளம்பிட்டாண்ணே?"

"கெளம்பி ரொம்ப தூரம் வந்தாச்சு தாயி."

"இனிமே நெனச்சாலும் எறங்க முடியாதுல்லா?"

"நடுக்கடல்ல எப்படி எறங்க? ஏன் கேக்க?"

அந்தப் பக்கம் வெள்ளத்தாய் வெடித்து அழுதாள்.

"விடிஞ்சதும் அப்பா வெள்ளிக்கிழமையான்னு கேட்டாவ, ஆமான்னேன். கப்பல் கெளம்புன பொறவுதான் அண்ணன்ட்டச் சொல்லணும்னு சத்தியம் வாங்கிட்டு, அப்பவே போயிட்டாவண்ணே!"