மூன்றாம் பீரியடு

"டீச்சர், அனு என் கையக் கடிச்சிட்டா!"

நஸ்ரின் பானு அழுதுகொண்டே கையை நீட்டினாள். நான்கு பல் தடம் பளிச்சென்று தெரிந்தது. நான்காம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏட்டி அனு, ஏன் கடிச்ச?"

"அப்படித்தான் கடிப்பேன். என்னய வெளிய நிக்க வைங்க. போன வாரமெல்லாம் நிக்க வச்சீங்கள்லா?"

ராஜேஸ்வரி டீச்சர் கோபத்தை விழுங்கிக்கொண்டார். அவள் சொன்னது நிஜம்தான். மூன்றாம் பீரியடு மணி அடித்தால் போதும், அனு யார் நோட்டையாவது கிழிப்பாள், இல்லை டிபன் பாக்ஸைத் தூக்கி எறிவாள். டீச்சரும் வேலியோரம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அப்புறம்தான் தென்காசியில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. டீ, வடைக்கு நடுவே ஒரே ஒரு விஷயம் அவர் மனதில் தைத்தது. முரண்டு பிடிக்கிற பிள்ளையை வெளியே தள்ளாதீர்கள், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டபோது வெட்கமாக இருந்தது.

தலைமையாசிரியர் சங்கரநாராயணனோ, "ரெண்டு வாரம் பாருங்க டீச்சர். சரிப்படலன்னா அவ அப்பாவக் கூப்பிட்டு டீசியக் குடுத்திருவேன்" என்று சொல்லியிருந்தார்.

"உன்னய இனி வெளிய அனுப்பவே மாட்டேன் மக்கா. என் பக்கத்துல உக்காரு" என்றார் டீச்சர் அனுவிடம்.

அனு தரையில் விழுந்து புரண்டாள். ஜன்னலுக்கு ஓடினாள். டீச்சர் பிடித்து இறுக அணைத்துக்கொண்டார். தினமும் இதே கூத்துதான்.

எட்டாம் நாள் அழுகை நின்றது. பத்தாம் நாள் அனு முதல் பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் மத்தியானம் அவள் தலையில் ஒரு துண்டு மல்லிகைப்பூ புதுசாக இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

"ஏட்டி, சேட்டையோட பூ வைக்கதையும் விட்டுட்டியா?" என்று டீச்சர் சிரித்தார். அனு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாதிச்சிட்டீங்க டீச்சர்!" என்றார் தலைமையாசிரியர். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மத்தியானம் சத்துணவு சமைக்கும் கோமதித்தாய் ஓர் இலைப் பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே மல்லிகைப்பூ.

"இத அனுகிட்ட குடுத்திருங்க டீச்சர். அவ அம்மை குடுத்துட்டுப் போனா."

"அம்மாவா? அவளுக்கு அம்மா இல்லன்னுல்லா அவ அப்பா சொன்னாரு?"

"உறவே வேண்டாம்னு அவளத் தீத்து விட்டுட்டான் டீச்சர். பிள்ளையக் கண்ணுலயே காட்ட மாட்டான். உங்ககிட்ட சொன்னா அவன் காதுக்குப் போயிருமோன்னு நான் வாயத் தொறக்கல. பாவம், மார்க்கெட்ல பூக் கட்டி முடிச்சிட்டு, தெனமும் மூணாம் பீரியடு நம்ம வேலிக்கு அங்கன வந்து நிப்பா. வெளிய நிக்க பிள்ளையப் பாத்துட்டு, கம்பி வழியா ஒரு துண்டு பூவ நீட்டிட்டுப் போவா."

டீச்சர் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இப்ப எங்க அவங்க?"

"திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு காலையிலயே பஸ் ஏறிட்டா டீச்சர். பத்து நாளா பிள்ளைய வெளிய காணுமேன்னு கேட்டா. 'அவ இப்பல்லாம் சேட்டையே பண்ணுததில்ல'ன்னு நாந்தான் பெருமையாச் சொன்னேன். 'அப்ப என்னயப் பாக்க அவளுக்குப் பிடிக்கல போல'ன்னு அழுதுட்டே போயிட்டா."