நறநற

"செத்துப்போச்சு, டாக்டரம்மா. வேற ஒண்ணு குடுங்க."

சந்திரவல்லி ஒரு சின்ன நீலப் பெட்டியை மேசைமேல் வைத்து, இனி அதன் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்பதுபோலத் தள்ளிவிட்டாள். போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடியில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரியில், கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த இரண்டு பேர் வலியை மறந்து எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் கார்த்திகா தயங்கித் தயங்கி மூடியைத் திறந்தார். உள்ளே பல் வரிசைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் உறை ஒன்று கிடந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கான நைட் கார்டு.

"இது யாருக்கு?"

"இந்தா நிக்கிறாரே, இவருக்குத்தான்."

முத்துக்கண்ணன் கும்பிட்டார். அதற்குமேல் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

இரண்டு பேருக்கும் மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை. குடியிருப்பு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்து வீட்டுப் பாண்டியராஜனுக்குக் கேட்கும், அப்படி ஒரு சுவர். அவன்தான் ஒருநாள் வழிமறித்துச் சொன்னான்: "யக்கா, உங்க வீட்ல ராத்திரியானா நறநறன்னு ஒரே பல்லுக்கடி. மாவு மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு."

வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒரு தப்பு நடந்தால் அதைச் செய்தது யார் என்று சந்திரவல்லி இதுவரை யோசித்ததே இல்லை.

தம்பியிடம் சொல்லி ஆன்லைனில் நைட் கார்டு வரவழைத்தாள். வெந்நீரில் போட்டு எடுத்து, புருசன் வாய்க்குள் வைத்து, "கடிங்க" என்று அளவும் எடுத்தாள். முத்துக்கண்ணன் தினமும் படுக்கப் போகும்போது தாலி மாதிரி மறக்காமல் அதை மாட்டிக்கொண்டார்.

சத்தம் நிற்கவில்லை. பாண்டியராஜன் சூப்பர்வைசரிடம் போய்விட்டான். அவரோ, "இன்னொரு தடவ புகார் வந்துச்சுன்னா மேல் லயத்துல கடைசி வீட்டுக்கு மாத்திருவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்குப் பின்னால் பலாமரம். பலா பழுத்தால் யானை வரும். யானைக்குக் கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கம் கிடையாது.

அதனால்தான் காலையிலேயே ஜீப்பைப் பிடித்து இறங்கியாயிற்று. மலைப்பாதை வளைவுகள் முழுக்கச் சந்திரவல்லி நெற்றிப்பொட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு புருசனைத் திட்டியபடி வந்தாள். தாடை வலித்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள்.

டாக்டர் உறையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கு இதை மாத்தணும்கிறீங்க?"

"வாங்கி வருசம் ஒண்ணாகப் போகுதே. பவரு கொறைஞ்சிருக்கும்ல?"

"இது பேட்டரி இல்லக்கா. நாள் கணக்கு பாத்து மாத்துறதில்ல. ஓட்டை விழுந்துருக்கணும், கீறல் விட்டிருக்கணும். இல்லன்னா தேஞ்சு மெலிஞ்சிருக்கணும், மாட்டுனா லொடலொடன்னு ஆடணும். கழுவியும் நாத்தம் போகலைன்னாலும் மாத்தலாம். இதுல ஒண்ணுமே இல்லையே, புதுசாட்டம் இருக்கு."

"அப்ப சத்தம் ஏன் நிக்கல?"

டாக்டர் முத்துக்கண்ணனை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, வாய்க்குள் பார்த்தார். அப்புறம் ஒரு தடவை மறுபடியும் பார்த்தார்.

"அண்ணே, இத்தனை வருசத்துல இப்படி ஒரு பல்லை நான் பாத்ததில்ல. முனை எதுவும் மழுங்கல. ராத்திரில பல்லைக் கடிக்கிற ஆளு இல்ல நீங்க."

"டாக்டரம்மா, நல்லாப் பாருங்க. அந்தாளு ஊரையே ஏமாத்துவாரு!" என்று சந்திரவல்லி எழுந்தே விட்டாள்.

"அவர் கடிக்கிற சத்தத்தை நீங்க கேட்டிருக்கீங்களா?"

"நான் படுத்தா பொணம். பாண்டியராஜன் சொல்லித்தான் தெரியும்."

டாக்டர் அவளுடைய நெற்றியில் பளபளத்த தைலத்தைப் பார்த்தார். "தலைவலி காலைல எந்திரிக்கும்போதே இருக்குமா?"

"தெனமும். இவரோட குடும்பம் நடத்துனா வராதா?"

"கொஞ்சம் நீங்க உக்காருங்க."

"நானா? எனக்கு எதுக்கு?"

"சும்மாதான். வாயைத் திறங்க."

திறந்தாள். பாதிக்குமேல் திறக்க முடியவில்லை. டாக்டர் ஒரு கைக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். கீழ்வரிசைப் பற்கள் எல்லாம் ரம்பம் வைத்து அறுத்ததுபோல ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்தன.

"கார்டு வேணும்தான்க்கா. ஆனா உங்களுக்கு."

காத்திருந்த இரண்டு பேரும் இப்போது வாசலுக்கே வந்துவிட்டார்கள். சந்திரவல்லிக்குக் காது இரண்டும் சுட்டது. ஒரு வருசம் ஒரு மனுசன் வாயில் பிளாஸ்டிக்கைத் திணித்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அடுத்த நிமிசமே புருசன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கே கேக்குது. பக்கத்துல படுத்திருந்த உங்களுக்குக் கேக்கலையா?"

"மொத நாள்லயிருந்தே கேக்குது."

"பெறகு ஏன் சொல்லல?"

முத்துக்கண்ணன் நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

"தூங்கையில பல்லைத்தான கடிக்கிற? சொல்லியிருந்தா, முழிச்சிருக்கையில என்னையவே கடிச்சிருப்ப!"