இரண்டடித் தொட்டி

வந்திருப்பது அவருடைய அக்காதான். கப்பிக்குச் சந்தேகமே இல்லை. கூட வந்த பெண் குழந்தையின் காது ஒன்று போதாதா? முறம் மாதிரி விரிந்து, நுனி லேசாக மடங்கி, அச்சு அசலாக அவர் காது. அக்கா மகளுக்கு மாமன் சாயல் அடிக்காமல் வேறு யார் சாயல் அடிக்குமாம்!

கப்பி என்பது அந்த வண்ணமீன் கடையில் அவளுக்கு வைத்த பெயர். கப்பி மீன் மாதிரியே ஆள் சின்னது, ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காது என்பதால் ஒட்டிக்கொண்டது. மீன் தீனி வாங்க வந்துபோன ஒருவர், தீனியோடு அவள் மனசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரை நம்பி, வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை.

ஆனால் கல்யாணப் பேச்சை எடுத்தால் அவரிடம் ஒரே பதில்தான்.

"எனக்கு எல்லாமே அக்காதான். ஒருநாள் சொல்லாம கொள்ளாம, கஸ்டமர் மாதிரி வந்து உன்னைப் பாப்பா. நீ எதையும் காட்டிக்காதே. அவளுக்குப் பிடிச்சுட்டா அடுத்த மாசமே கல்யாணம்."

அந்த ஒருநாள் வந்தேவிட்டது. கப்பி ஈரக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வாங்கக்கா. என்ன பாக்கறீங்க?"

கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரையும் அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இந்த முறை மட்டும் அதை உறவாக நினைத்தே சொன்னாள்.

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் வந்தவள். அவள் பார்த்தது தொட்டிகளை இல்லை, கப்பியை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

சரிதான், பரீட்சை ஆரம்பமாகிவிட்டது என்று கப்பி நினைத்துக்கொண்டாள்.

"வீட்டுல ரெண்டடித் தொட்டி இருக்கு. புதுசா என்ன விடலாம்னு நீயே சொல்லு."

அதற்குள் குழந்தை ஃபைட்டர் மீனைக் காட்டி, "இது வேணும்!" என்றது.

"அது சரியான சண்டைக்காரன், செல்லம். தனியா விட்டாத்தான் ஒழுங்கா இருப்பான்."

"அப்ப இது?"

"ஏஞ்சலா? இப்பப் பாக்க சாதுவாத்தான் இருக்கும். வளந்துட்டா பக்கத்துல இருக்கிற பொடி மீனையெல்லாம் முழுங்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி சுத்தும்."

குழந்தை கலகலவென்று சிரித்தது. கப்பிக்குத் தைரியம் வந்தது. வந்தவள் பக்கம் திரும்பினாள்.

"ஏற்கெனவே தொட்டியில என்ன இருக்குக்கா? அதைப் பொறுத்துத்தான் மத்தது."

"ஒரு ஜோடி இருக்கு. உடம்பெல்லாம் கறுப்பு வரி. இப்பக் குஞ்சு போட்டிருக்கு."

கப்பிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோடியை வலையில் பிடித்துப் பையில் போட்டுக் கொடுத்ததே அவள்தான்! அக்கா வீட்டுக்கு என்று சொல்லித்தான் அவர் வாங்கிப்போனார்.

"அது கூட அழகா இன்னொரு பெண் மீன் விட்டா என்ன?" என்று வந்தவள் கேட்டாள்.

வேறு யாராவது இருந்தால், சரி என்று தலையில் கட்டி அனுப்பியிருப்பார்கள். கப்பிக்குக் காசா பெரிது? நல்ல பெயர் வாங்கியாக வேண்டுமே!

"ஐயோ, வேண்டவே வேண்டாம்க்கா! குஞ்சு வெச்சிருக்கிற ஜோடி வேற எதையும் கிட்ட நெருங்க விடாது. மூலையில ஒதுக்கி, செதில் செதிலாப் பிச்சு எடுத்துடும். பெரிய தொட்டின்னா ஓடி ஒளிஞ்சுக்கும். ரெண்டடியில அது எங்க போகும், பாவம்?"

"எது பிக்கும்? பெண்ணா?"

"ரெண்டும் சேந்துதான். ஆண் சும்மா வேடிக்கை பாக்கும்னு மட்டும் நினைக்காதீங்க."

வந்தவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "பரவாயில்லையே. எல்லா விவரமும் தெரிஞ்சுதான் வெச்சிருக்கே."

பாஸ்! கப்பி மனசுக்குள் ஒரு குதி குதித்தாள். சந்தோஷம் தாங்காமல், குனிந்து குழந்தையின் காதைச் செல்லமாகத் திருகினாள். அதற்குமேல் அவளால் எதையும் அடக்கிவைக்க முடியவில்லை.

"அக்கா, நீங்க யாருன்னு உள்ள வந்ததுமே கண்டுபிடிச்சுட்டேன்."

வந்தவளின் சிரிப்பு அப்படியே நின்றது. "யாராம்?"

"அவரோட அக்கா. நீங்க வந்து பாப்பீங்கன்னு அவர் சொல்லிட்டேதான் இருந்தார். நீங்க சரின்னு சொன்னா அடுத்த மாசமே கல்யாணமாம்." கப்பிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியும் கேட்டுவிட்டாள். "என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்காக்கா?"

வந்தவள், வாசலோரத் தொட்டியைப் பார்த்துவிட்டு வா என்று குழந்தையை அனுப்பினாள். அது போகும்வரை காத்திருந்து, கப்பியின் கன்னத்தில் மெதுவாகத் தட்டினாள்.

"அவருக்கு அக்காவே கிடையாதும்மா."