ஓக் மரத்தடியில் ஒரு கல்

இரத்தம் என்றார் பியற்றிஸ் அம்மையார்.

ஓக் மரத்தடியில் கிடந்த கருங்கல்லின் நெற்றிச் சிவப்பைக் குடை நுனியாற் சுட்டி, அது கோழி இரத்தம் என்றார். கல்லின் கருமை, உருக்கி ஊற்றிய கொழுப்பு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் வாழ்ந்தோரின் பலிச் சடங்கு இன்றளவும் இவ்வூரில் மறைவாகத் தொடர்கிறதாம். கண்கண்ட சான்று இதுவாம்.

சுற்றி நின்ற கவுன்சில் உறுப்பினர்கள் பங்குனித் தூறலில் நனைந்தபடி பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

அம்பலவாணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவலும் மோதகமும் கொள்கிற ஆனைமுகனுக்குக் கோழி இரத்தமாம்.

அது குங்குமம். கருமை, நல்லெண்ணெய். வெள்ளிதோறும் விடியலில், வேலைக்குப் போகும் வழியில், அவன் தன் கையால் சாத்தியவை.

இல்ஃபோர்டுக்கு அப்பால், லண்டன் தேய்ந்து வயலாகிற சிற்றூர் அது. மாநகரம் மேலும் பெருகிவிடாதிருக்கச் சட்டம் காத்துவைத்த பசுமை வளையத்துள் அடங்கியது அந்த வயல். அதன் ஒரு மூலையை மட்டும் விடுவித்து, ஊரிலே உழைத்தும் ஊரிலே வீடு வாய்க்காதவர்களுக்குக் குறைந்த வாடகையில் சில வீடுகள் கட்டலாமா என்று கவுன்சில் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது.

அம்பலவாணன் அவ்வூர் முதியோர் இல்லத்தின் சமையற்காரன். மனைவி சிவமலரும் இரு பெண்பிள்ளைகளும் அவனுமாகக் கடை மாடியில் ஓர் அறையில் ஒடுங்கிக் கிடந்தார்கள். சுவரெல்லாம் பூஞ்சணம். இளையவளுக்கு மாரி முழுதும் இழுப்பு. வீடு கிடைத்தால் முதல் வீடு உனக்குத்தான் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

வீடு எழுப்புமுன் பிள்ளையார் வைப்பது முறை. ஆகையால் வயலைப் பற்றிய பேச்சு எழுந்த மாதமே ஓடைக்கரையில் கிடந்த கல்லொன்றைத் தோளிற் சுமந்துவந்து இம்மரத்தடியில் இருத்தினான். தெய்வம் முன்னே போகட்டும், கவுன்சிலின் அனுமதி பின்னே வரட்டும் என்பது அவன் எண்ணம். அதில் முறைகேடு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

அனுமதிக்கு முன்னே வந்தவர் பியற்றிஸ் அம்மையார். வயலோரத்துச் சிறு வீட்டில் தனித்து வாழும் கைம்பெண். வயலைக் காக்கும் சங்கத்தின் தலைவி. பறவைகள் கூடிழக்கும் என்றார். வெள்ளம் வரும் என்றார். தேவாலயக் கோபுரம் மறையும் என்றார். ஒவ்வொன்றாகத் தோற்றபின், கடைசியில்தான், மனமில்லாதவர் போல, இந்தக் கல்லைச் சொன்னார். தொன்மைச் சின்னம் என்று ஆகிவிட்டால் இனி எவரும் இங்கே மண்வெட்டி பிடிக்க முடியாது.

ஒரே குடைக்குள் ஒண்டி நின்ற சிவமலர் அவன் விலாவில் இடித்தாள்.

“விக்கினம் தீர்க்கச் சொல்லி நீங்கள் கொண்டந்து வைச்ச கல்லுத்தான் இப்ப எங்களுக்கு விக்கினம். வாயைத் துறந்து சொல்லுங்கோவன். இல்லாட்டி நான் போய்ச் சொல்லுறன்.”

சொல்லலாம். ஆனால் பிறர் நிலத்தில் கேளாமல் தன் தெய்வத்தைக் குடியேற்றியவனுக்கு எந்தக் கவுன்சில் வீடு கொடுக்கும்?

அவன் பார்வை கல்லின் அடியிற் போய் நின்றது. அங்கே ஒரு ஜாம் போத்தலில் மஞ்சள் டஃபடில் மலர்கள். அவன் வரும் வெள்ளிகளிலெல்லாம் அங்கே புதுப்பூ இருக்கும். வாய் எவ்வளவு ஏசினாலும் சிவமலரின் கை பூ வைக்கத் தவறாது என்று அவன் தனக்குள் மகிழ்ந்ததுண்டு.

இரத்தத்தைச் சொன்ன அம்மையார், கொழுப்பைச் சொன்ன அம்மையார், பூவைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கவுன்சில் தலைவர் தொண்டையைச் செருமினார். அருங்காட்சியகத்தார் வந்து ஆராயட்டும், முடிவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம் என்றார்.

அடுத்த ஆண்டு. இன்னொரு மாரி. அதே சுவர், அதே இழுப்பு.

அம்பலவாணன் குடையை விட்டுச் சேற்றில் இறங்கினான். தனக்குத் தெரிந்த ஆங்கிலம் அனைத்தையும் ஒருங்கே இறைத்தான். இது தன் தெய்வம், ஓடையிலிருந்து தானே சுமந்தது, இரத்தமன்று, கொழுப்பன்று, இவர் முட்டைகூடத் தீண்டாதவர். சொன்னது போதாதென்று, வெள்ளிக்கிழமையாதலால் கோட்டுப் பையில் ஆயத்தமாயிருந்த நல்லெண்ணெயை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்கவே ஊற்றினான். குங்குமம் இட்டான். கல் கருகருவென்று மின்னிற்று.

தலைவர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். அப்படியானால் தடையேதும் இல்லை, வீடுகளுக்கு ஒப்புதல் என்றார். அத்திவாரம் வெட்டுமுன் கல்லை மட்டும் அகற்றிவிட வேண்டும். மழை வலுக்கவே, எல்லோரும் வண்டிகளை நோக்கி விரைந்தார்கள்.

நல்லவேளை, பூ வைத்தவள் நீயென்று சொல்லாமல் விட்டேன் என்றான் மனைவியிடம், பெருமூச்செறிந்து.

எந்தப் பூ என்று கேட்டாள் சிவமலர். இந்தச் சேற்றுக்குள் தான் கால் வைத்ததே இன்றைக்குத்தான் என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

பியற்றிஸ் அம்மையார் போகவில்லை. ஈரப்புல்லில் முழந்தாளிட்டு, அவன் கைபட்டுச் சரிந்த ஜாம் போத்தலை நிமிர்த்தி, மலர்களை ஒவ்வொன்றாக அதிற் செருகிக்கொண்டிருந்தார்.

கூட்டங்களில் முழங்கிய குரல் எங்கோ போயிருந்தது.

“அப்படியென்றால், காலைதோறும் இங்கே வந்து இவ்வளவு நாளும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?”