லோவெல் ஜெயித்த மரத்தடி

"வியாழக்கிழமை நம்ம லோவெல் வாயே திறக்கல. ஆனா கால்பந்து வினாடி வினாவுல ஊரையே ஜெயிச்சுட்டான்" என்றார் டெல்மர், அடுப்புக் கரியை விசிறிக்கொண்டே.

எதிரே மடக்கு நாற்காலியில் இருந்த வெண்டல், பீன்ஸ் குழம்பில் தோய்த்த இலவங்கப்பட்டை ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். "யோவ், புளுகுக்கும் ஒரு அளவு வேணும். லோவெல் எந்த நிலைமையில இருக்கார்னு என்னைவிட இந்த ஊர்ல யாருக்குய்யா தெரியும்?"

"அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். நீ பாட்டுக்கு மக வீட்டுக்கு டென்வர் போயிட்ட. பாக்கக் குடுத்து வைக்கல."

அன்று சனிக்கிழமை. நெப்ராஸ்காவில் கல்லூரி ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். ஆட்டத்துக்கு முன்னால் மைதான வாசலில் வண்டியை நிறுத்தி, அடுப்பு மூட்டி, சாசேஜ் சுட்டுத் தின்றால்தான் அது ஆட்டம். அதற்கு வடக்கு வாசல் எல்ம் மரத்தடியைவிட நல்ல இடம் இந்தப் பூமியில் இல்லை. லோவெல் மீசை முளைத்த நாளிலிருந்து அங்கேதான் அடுப்பு மூட்டினார். இந்த வருடம் பழைய மாணவர் சங்கத்துக்குத் திடீரென்று நியாய உணர்வு வந்துவிட்டது. வினாடி வினாவில் ஜெயிக்கிற மேஜைக்குத்தான் மரத்தடி என்று அறிவித்துவிட்டார்கள்.

லோவெலின் மனைவி ஆர்டித், டெல்மரிடம் வந்து புலம்பினார். "அந்த இடம் போயிட்டா இந்த மனுஷன நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்? மரத்தடியத் தவிர வேற எங்கயும் இருக்கமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரே."

மேஜைக்கு மூன்று பேர்; இவர்கள் மேஜைக்கு டெல்மர், ஆர்டித், லோவெல். கோடையில் பெயர் கொடுத்த அதே மூன்று பேரும் நாற்காலியில் இருந்தாக வேண்டும். மாற்று ஆள் கிடையாது. ஆகவே லோவெலையும் காரில் வைத்து, பெல்ட் போட்டு, ஆர்டித் அணைத்துப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார். நாற்காலியில் அமர்த்தி, கல்லூரிக் குல்லாயை மாட்டிவிட்டார். டெல்மர் எதிரே ஒரு பீரும் வைத்தார். நுரை அடங்கியதுதான் மிச்சம், லோவெல் தொடவில்லை.

மரத்தடிக்கு அடிபோட்டுக்கொண்டிருந்த ராஸ்கோ எழுந்து ஆட்சேபித்தார். கரியை விட்டு கேஸ் அடுப்பில் சாசேஜ் சுடுகிற பாவி அவர். லோவெலால் ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல முடியுமா என்று கேட்டார். கேள்வி கேட்கும் பெர்னீஸ் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாற்காலியில இருக்கணும்கிறதுதான் விதி. போன வருஷம் பூரா நீ மேஜையில தூங்கினியே, நான் ஏதாவது கேட்டேனா?"

பிறகு நடந்ததை டெல்மர் சொன்னபடி நம்புவதானால், கேள்விகள் ஆலங்கட்டி மழையாக விழுந்தன. அவர் ஒவ்வொன்றையும் பல்லால் பிடித்தார். 222-க்குப் பூஜ்யம் என்று முடிந்த கல்லூரி ஆட்டம், ஊர் மக்களே பங்கு வாங்கி நடத்துகிற தொழில்முறை அணி, எல்லாம் சரி. ஆனால் ராஸ்கோ மேஜையும் விடவில்லை. கடைசியில் சமம்.

சமமானால் ஒரே கேள்வி. சீட்டுக் குலுக்கிப் போட்டு, மேஜைக்கு ஒருவர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூச்சு விடக்கூடாது. அந்த மேஜையில் ராஸ்கோ பெயர் வந்தது. இந்த மேஜையில் லோவெல் பெயர்.

"சிரிச்ச சிரிப்புல கூரை எழும்பி, அரை அடி தள்ளி உக்காந்துச்சுய்யா. ஆர்டித் கண்ண மூடிக்கிட்டா."

"மூடாம?" என்றார் வெண்டல். ஆனாலும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "கேள்வி என்ன?"

நம் கல்லூரியும் ஆற்றுக்கு அந்தக் கரைக் கல்லூரியும் மோதிய முதல் ஆட்டத்தில், பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி, முதன்முதலாக டச் டவுன் போட்டவர் யார்?

ராஸ்கோ மார்பைத் தட்டி, தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். பிறகு பெர்னீஸ் அம்மாள் லோவெல் பக்கம் திரும்பினார். ஒரு முழு நிமிடம் காத்திருந்தார். லோவெல் அசையவில்லை. ராஸ்கோ ஆட்கள் மேஜையைத் தட்டினார்கள், முகத்துக்கு நேரே கையை ஆட்டினார்கள். லோவெல் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. மணி அடித்தது.

"அப்புறம்?"

"ஆட்டம் சேத்துல நடந்ததாம். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். யாருமே போடல. அந்தம்மா சொல்லுச்சு: 'கேட்டதுக்குச் சொல்ல ஒரு பேரும் கிடையாது. ராஸ்கோ ஒரு பேரச் சொன்னான். லோவெல் ஒரு பேரும் சொல்லல. இதுல எது சரி?'"

அந்த நேரம் ஆர்டித்தின் கார் வந்து நின்றது. வெண்டல் எழுந்து, தன் கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராக அவரிடம் போனார். இந்தப் பயல் சொல்வது நிஜமா என்று கேட்டார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுகிற ஆர்டித் பொய் சொல்ல மாட்டார். அவர் பின் சீட்டிலிருந்து வெற்றிக் கோப்பையை எடுத்து வெண்டல் கையில் கொடுத்தார். பிறகு முன் சீட்டு பெல்ட்டைக் கழற்றி, லோவெலை அணைத்து எடுத்து வந்து, மரத்தடியில் அவருடைய பழைய இடத்தில் வைத்தார்.

வெண்டல் கோப்பையைப் பார்த்தார். லோவெலைப் பார்த்தார். குனிந்து குல்லாயை மெல்ல எடுத்து, அடியிலிருந்த செப்பு ஜாடியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவை திருகிப் பார்த்தார்.

"நடந்திருக்கு, ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா போன மாசம் இவரத் தகனம் பண்ணி, சாம்பல இந்த ஜாடியில போட்டு, என் கையாலயே மூடினவன் நான்யா."